பசிலியாவின் கத்திச் சுவர்

தாலிசாய் என்ற தீவுக் கடற்கரை ஊரில் யாராவது யாரையாவது வெட்டிப் போட்டால், அடக்கத்துக்குப் பாதிரியாரைக் கூப்பிடுவார்கள். ஆளைப் பிடித்துக்கொண்டு போகப் போலீசைக் கூப்பிடுவார்கள். கத்தியை எடுத்துக்கொண்டு போகப் பசிலியாவைக் கூப்பிடுவார்கள். மூவரில் பசிலியாதான் எப்போதும் முதலில் வந்து சேர்வாள். பாதிரியாருக்குக் குதிரை கிடைக்க வேண்டும், போலீசுக்கு மனசு வர வேண்டும். பசிலியாவுக்கு இரண்டு கால்கள் போதும். போலீஸ் வந்து கத்தி எங்கே என்று கேட்டால், வீட்டில் கிடக்கிற துருப்பிடித்த தேங்காய்க் கத்தி ஒன்றைக் கொடுத்தனுப்புவார்கள். அதைத் தொட்டுப் பார்க்கப் போலீஸ் நிலையத்திலும் யாருக்கும் ஆசையில்லை.

அவள் சந்தையில் பன்றி அறுப்பவள். இரண்டு ஆண்கள் சேர்ந்து அமுக்குகிற பன்றியை ஒரு முழங்காலால் அழுத்திக்கொண்டு, பக்கத்துக் கடைக்காரியோடு கல்யாணப் பேச்சுப் பேசியபடியே கழுத்தைத் திறப்பாள். பன்றி சாவதற்குள் பேச்சு நிச்சயதார்த்தம் வரை போய்விடும்.

ஆளைக் கொன்ற கத்தியை அந்தக் கடற்கரையில் யாரும் வீட்டில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். கொன்றவன் வீட்டிலேயே இருந்தால் இன்னொரு கழுத்துக் கேட்கும். செத்தவன் வீட்டுக்குப் போனால் பதிலுக்குக் கிளம்பும். ஆற்றில் எறிந்தால் குளிக்கிற பிள்ளையின் காலைத் தேடும். உருக்கி மண்வெட்டி அடித்தாலோ, அந்த மண்வெட்டி புதைகுழியைத் தவிர வேறெதையும் தோண்டாது. பசிலியா வீட்டுச் சுவரில் தொங்கினால் மட்டும் சும்மா இருக்கும். அது எப்படி என்று கேட்டால் அவள் சொல்வாள்:

"இங்க ஒண்ணு தலையைத் தூக்குனா மத்ததெல்லாம் சிரிக்கும். 'போடி, நீ எத்தனை பேரை வெட்டுனே?'ன்னு கேக்கும். வெக்கத்துலயே அடங்கிக் கிடக்குதுங்க."

அந்தச் சுவரில் ஒரு கத்தி எருமைத் திருடனை வெட்டியது. வெட்டு அவ்வளவு சுத்தமாய் விழுந்திருந்ததால் திருடனுக்கே சேதி போய்ச் சேரவில்லை. எருமையைப் பிடித்தபடி வரப்பில் நடந்துகொண்டே இருந்தான். எருமைதான் ரத்த வாடைக்கு மிரண்டு அவனைக் கொம்பில் தூக்கி வீசியது. உடம்பு ஒரு வயலில் விழுந்தது, தலை அடுத்த வயலில் விழுந்தது. யார் அவனைப் புதைப்பது என்று வயல்காரர்கள் இருவருக்கும் வாய்த்தகராறு முற்றி, அவர்களும் கத்தியை உருவினார்கள். அந்த இரண்டு கத்திகளும் திருடனை வெட்டிய கத்திக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்றாக இன்றும் தொங்குகின்றன.

நாய்த்தலைப் பிடி போட்ட இன்னொன்று, ஜப்பான்காரன் படை ஊரைப் பிடித்திருந்த காலத்தில் ஆற்றங்கரையில் துணி துவைத்த ஒருத்தியுடையது. அழுக்கு மூட்டைக்குள் கையை விட்டுச் சோப்பை எடுக்கிறாள் என்று நினைத்த சிப்பாய்கள் மூன்று பேரும் அந்த நினைப்போடே போய்ச் சேர்ந்தார்கள். அவர்கள் சட்டைகளை அவள் துவைத்து, காயவைத்து, மடித்து, முகாம் வாசலில் வைத்துவிட்டுத்தான் மலைக்கு ஓடினாளாம். கறை போகவில்லை என்பதுதான் அவளுக்குக் கடைசிவரை குறை.

பசிலியா சனிக்கிழமைகளில் கத்திகளை ஒவ்வொன்றாய் இறக்கித் தேங்காயெண்ணெய் பூசுவாள். உருவிய கத்தி ரத்தம் காணாமல் உறைக்குத் திரும்பக் கூடாது என்பது அங்கே எல்லாரும் மதிக்கிற சட்டம். மற்றவர்கள் இதற்காகப் பெருவிரலைக் கீறிக்கொள்வார்கள். பசிலியாவோ சந்தையிலிருந்து ஒரு குவளை பன்றி ரத்தம் கொண்டுவந்து ஒவ்வொரு நுனியையும் அதில் முக்கி எடுப்பாள்.

"இதுங்களுக்கு மனுச ரத்தத்துக்கும் பன்னி ரத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாது. தெரிஞ்சிருந்தா எப்பவோ நல்லபடியா சமையலுக்கு வந்திருக்கும்."

யாரையும் கத்தியைத் தொட விடமாட்டாள். ஒரே ஒருமுறை விட்டாள். சேவல்சண்டைக் களத்தில் வாய் ஓயாத ஒருவன், "நான் பாக்காத கத்தியா?" என்று நெஞ்சை நிமிர்த்தி வந்தான். அந்தக் கத்திகளின் உறை இரண்டு மரப்பட்டைகளைச் சேர்த்துப் பிரம்பால் கட்டியது. நாளாக ஆக உள்ளே கத்தியின் வாய் மரத்தைத் தின்றுகொண்டே வரும். அதனால் உறையை உள்ளங்கையில் ஏந்தித்தான் உருவ வேண்டும். விரல்கள் வாய்ப்பக்கம் சுற்றக் கூடாது. அவன் கள்ளுப்புட்டியின் கழுத்தைப் பிடிப்பதுபோல் இறுக்கிப் பிடித்து இழுத்தான். கத்தி உறையை அறுத்துக்கொண்டு வெளியே வந்தது. கூடவே அவனுடைய மூன்று விரல்களும் வந்தன. இரண்டைத்தான் பொறுக்க முடிந்தது. மூன்றாவதை வாயில் கவ்விக்கொண்டு நாய் ஓட, பின்னாலேயே பசிலியா, "சனியனே, கீழ போடு! அது அவன் சீட்டு பிரிக்கிற விரலு!" என்று கத்திக்கொண்டு ஓடினாள். அன்றைக்குக் குவளையில் முக்க வேண்டிய வேலை இருக்கவில்லை.

இப்படி ஊரின் சாவெல்லாம் சுவரில் இருக்க, அவள் புருஷன் சிரிலோவைக் கொன்ற கத்தி மட்டும் வரவில்லை.

சிரிலோவைக் கொன்றவன் பந்தலியோன் என்பது ஊருக்கே தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சேவல் களத்தில் இருவருக்கும் எல்லார் கண்முன்னே கைகலப்பு. பொழுது சாயும் நேரத்தில் சிரிலோ பந்தலியோன் வீட்டுக்கு முன்னால் சாலையில் கிடந்தான். கழுத்தின் வலப்பக்கத்தில் நுழைந்த வெட்டு மார்பெலும்பில்தான் நின்றிருந்தது. பந்தலியோன் பக்கத்திலேயே குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். "நான்தான். பின்னாடியிருந்து வெட்டுனேன். கத்தியை ஆத்துல எறிஞ்சிட்டேன்" என்றான். அதற்கு மேல் அவனிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. பலாவன் தீவுச் சிறைக்கு அனுப்பிவிட்டார்கள்.

அப்பனின் உடம்பைத் துடைத்துவிட்ட சிறுவன் விதால் வளர்ந்து, அம்மாவோடு சந்தையில் பன்றி அறுக்கிறவன் ஆனான். பந்தலியோன் விடுதலையாகி ஊர் திரும்பிவிட்டான் என்ற செய்தி வந்த அன்று, விதால் பன்றியின் கழுத்தை அறுத்த அறுப்பில் தலை தனியாக உருண்டு வாடிக்கையாளர் காலடியில் போய் நின்றது.

"டேய்" என்றாள் பசிலியா. "பன்னி உனக்கு என்ன பண்ணுச்சு?"

"பின்னாடியிருந்து வெட்டியிருக்கான்மா. மூஞ்சியைப் பாத்து வெட்டத் துணிச்சல் இல்லாத நாய்."

"நாயை வெட்டிட்டு ஜெயிலுக்குப் போறவனுக்கு என்ன பேரு?"

"மகன்னு பேரு."

பசிலியா பாதி அறுத்த பன்றியை விட்டுவிட்டுக் கத்தியைக் கீழே வைத்தாள். ஊரில் யாரும் பார்த்திராத காட்சி அது. பந்தலியோன் தம்பிகளும் சும்மா இருக்கிறவர்கள் இல்லை. மகன் கை ஓங்கினால் ஒன்று பலாவனுக்குப் போவான், இல்லையென்றால் புதைகுழிக்குப் போவான். இருந்த ஒன்றையும் பறிகொடுத்துவிட்டு, அவன் கத்தியையும் சுவரில் மாட்டிச் சனிக்கிழமை தோறும் எண்ணெய் பூச அவள் தயாராக இல்லை.

பந்தலியோன் வீட்டுக்கு ஆள் அனுப்பினாள். கத்தி ஆற்றில் இல்லை என்று எனக்குத் தெரியும், கொண்டு வா என்று சொல்லி அனுப்பினாள். உண்மையில் அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் ஒரு பெண் நிச்சயமாகச் சொன்னால் குற்றமுள்ளவன் நம்பிவிடுவான் என்பது தெரியும். மறுநாளே பதில் வந்தது: ஞாயிற்றுக்கிழமை வருகிறோம்.

அங்கே பகை தீர்க்கிற வழக்கப்படி, கத்தியோடு உயிருள்ள ஒரு சேவலும் வர வேண்டும். அந்தக் கத்தியாலேயே பசிலியா சேவலை அறுப்பாள். அதுதான் கத்தி காணுகிற கடைசி ரத்தம். சேவலை வாழைத்தண்டு போட்டுக் குழம்பு வைத்து, செத்தவன் மகனும் கொன்றவன் குடும்பமும் ஒரே சட்டியிலிருந்து சாப்பிட வேண்டும். சாப்பிட்டு எழுந்த பிறகு எவன் கை ஓங்கினாலும் ஊரே அவன்மேல் பாயும்.

"அதைத் தின்னுட்டா அப்புறம் அவனைத் தொட முடியாதே" என்றான் விதால்.

"அதுக்குத்தான்டா தின்னச் சொல்றேன்."

ஞாயிறு பூசை முடிந்ததும் முற்றத்தில் கூட்டம் கூடிவிட்டது. பந்தலியோன் வந்தான். சிறையில் உடம்பு பாதியாகி, சட்டைதான் அவனைத் தூக்கிக்கொண்டு வந்தது. பின்னால் அவன் பெண்டாட்டி ஹசிந்தா. கக்கத்தில் பாய்ச்சுருள், கையில் சேவல். கரும்பு வெட்டும் காலங்களில் நீக்ரோஸ் தீவுக்குப் போய் ஆண்களுக்குச் சமமாய் வெட்டிவிட்டு வருகிறவள் அவள்.

"இந்தச் சேவலு போன வாரம் களத்துலேர்ந்து ஓடி வந்ததுல்ல?" என்று கூட்டத்தில் ஒருவன் கேட்டான்.

"ஓடுனாலும் கறி கறிதான்" என்றாள் ஹசிந்தா.

விதால் தன் கத்தியை இடுப்பிலிருந்து அவிழ்த்து வீட்டுக் கம்பத்தில் மாட்டியிருந்தான். அம்மா சொல்லித்தான் அவிழ்த்தான். ஆனால் கம்பத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டான்.

பாயைப் பிரித்தார்கள். கத்தியில் துரு ஏறவில்லை. இத்தனை வருஷமும் யாரோ எண்ணெய் போட்டு வைத்திருக்கிறார்கள். பசிலியா அதை உள்ளங்கையில் ஏந்தி உருவினாள். சேவலைக் கட்டைமேல் வைத்துக் கழுத்தை நீட்டினாள். ஓங்கினாள். வெட்டினாள்.

கத்தி சாய்ந்து, கழுத்தைப் பாதியோடு விட்டுக் கட்டையில் போய்ப் பதிந்தது. பாதிக் கழுத்து அறுந்த சேவல் ரத்தத்தைப் பீய்ச்சிக்கொண்டு முற்றத்தைச் சுற்றி ஓடியது. ஒரு பெண்மணியின் வெள்ளைப் பாவாடை சிவந்தது.

ஆயிரம் பன்றி அறுத்த கை, ஒரு சேவலைத் தவறவிட்டது!

"கிழவிக்குக் கண்ணு போச்சு" என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

பசிலியா கத்தியைக் கட்டையிலிருந்து பிடுங்கி வெயிலில் திருப்பிப் பார்த்தாள். அந்தத் தீவின் கத்திகளுக்கு ஒரு பக்கம் மட்டும்தான் சாணை பிடிப்பார்கள். மறுபக்கம் பலகைபோல் தட்டையாக இருக்கும். வெட்டும்போது கத்தி தட்டைப் பக்கமாய்ச் சாயும். கை அதற்குப் பழகிக் கணக்குப் போட்டுக்கொள்ளும். இந்தக் கத்தியில் சாணை மறுபக்கம் இருந்தது. இடக்கைக்காரர் சொல்லி அடிக்க வைத்த கத்தி. வலக்கையில் பிடித்தால் நினைத்த இடத்தில் ஒருபோதும் விழாது.

அவள் பந்தலியோனைப் பார்த்தாள். அவன் தொப்பியை வலக்கையால் பிசைந்துகொண்டிருந்தான். களத்தில் சிரிலோவை அறைந்ததும் அந்த வலக்கைதான். பிறகு ஹசிந்தாவைப் பார்த்தாள். ஒவ்வொரு வாரமும் கறிப் பொட்டலத்தை இடக்கையால் வாங்கிக்கொண்டு, "தப்பா நினைக்காதீங்கக்கா, பழக்கம்" என்று சொல்கிறவள்.

சிரிலோவுக்குப் பின்னாலிருந்து விழுந்த வெட்டு இல்லை அது. எதிரே நின்ற இடக்கைக்காரி வெட்டினாலும் வலப்பக்கக் கழுத்தில்தான் விழும்.

பசிலியா வாயைத் திறப்பதற்குள் விதால் எழுந்துவிட்டான்.

"பாத்தியாம்மா? அப்பா ஒத்துக்க மாட்டேங்குறாரு! சேவல்கூடச் சாக மாட்டேங்குது!"

கம்பத்திலிருந்து கத்தியை உருவியபடியே பாய்ந்தான். கூட்டம் கோழிக்குஞ்சுகளாய்ச் சிதறியது. பந்தலியோன் ஓடவில்லை. கையை மட்டும் உயர்த்தினான். முதல் வெட்டு முன்கையில் எலும்புவரை இறங்கியது. பந்தலியோன் மண்டியிட்டான். கூட வந்திருந்த அவன் தம்பிகளில் ஒருவன் பெஞ்சைத் தூக்கி விதாலின் முதுகில் அடித்தான். பெஞ்சுதான் உடைந்தது. விதால் திரும்பிக்கூடப் பார்க்காமல் இரண்டாவது வெட்டுக்கு ஓங்கினான்.

அந்த வெட்டு விழவில்லை. ஹசிந்தா பசிலியாவின் கையிலிருந்து கத்தியைப் பறித்து, இடக்கையால் கீழிருந்து மேலே ஒரே இழுப்பு இழுத்தாள். கரும்பின் அடித்தூரை அறுக்கிற வெட்டு. விதாலின் மணிக்கட்டு நரம்புகள் வாழைநார்போல் அறுந்து, கத்தி தரையில் விழுந்து ஓசையெழுப்பியது. அவன் மல்லாந்து விழுந்தான். அவள் அவன் மார்பில் முழங்காலை ஊன்றிக் கத்தியின் வாயைக் கழுத்தின் வலப்பக்கத்தில் வைத்தாள்.

கூட்டத்தில் இருந்தவர்களுக்கு அப்போதுதான் அந்தக் கை கண்ணில் பட்டது.

பசிலியா கத்தியின் வாயை வெறுங்கையால் பொத்திப் பிடித்தாள். விரலிடுக்குகளில் ரத்தம் கசிந்து மகனின் கழுத்தில் சொட்டியது.

"விடுங்கக்கா. இவனை விட்டா எங்க வீட்டுல ஒருத்தரையும் விடமாட்டான்."

"நீ இழுத்தா என் விரல் போகும். சந்தையில நான் எதை வச்சுப் பொழைக்கிறது? உன் இடக்கையைத் தருவியா?"

ஹசிந்தா இழுக்கவில்லை. தளர்த்தவும் இல்லை.

"அன்னைக்கு என் புருஷன் எங்க செத்தான்?" என்று கேட்டாள் பசிலியா. "உரக்கச் சொல்லு. என் மகனுக்குக் கேக்கட்டும்."

"ரோட்டுல" என்றான் பந்தலியோன், கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. "ரோட்டுலதான். நான்தான்."

"நீ வாயை மூடு. உனக்கு வெட்டவும் தெரியல, பொய் சொல்லவும் தெரியல. நீ சொல்லுடி."

ஹசிந்தா விதாலின் முகத்தை நேராகப் பார்த்தாள். "எங்க வீட்டுக்குள்ள. ரோட்டுக்கு அப்புறந்தான் இழுத்தோம். அவன் வர்றப்ப இவரு களத்துலேர்ந்து இன்னும் வரல. உங்கப்பன் வந்து கதவைத் தாழ்ப்பாள் போட்டான். நான் கரும்புக் கத்திக்கு எண்ணெய் போட்டுக்கிட்டு இருந்தேன். அது அவனுக்குத் தெரியல."

"பொய்!" என்று விதால் கத்தினான். "அம்மா, இவ பொய் சொல்றா!"

செத்த புருஷனைப் பற்றி ஊர் ஒரு கதை வைத்திருந்தது. பின்னாலிருந்து வஞ்சகமாய் வெட்டப்பட்ட வீரன். அந்தக் கதையால் அவளுக்கும் சந்தையில் ஒரு மரியாதை உண்டு. மகனுக்குக் குலப்பெருமை என்று இருந்ததும் அது ஒன்றுதான். கத்தியைப் பிடித்திருந்த கையை அவள் இன்னும் இறுக்கினாள்.

"பொய்யில்லடா. உங்கப்பன் தாழ்ப்பாள் போடுற விதம் எனக்குத் தெரியும். என்னை உள்ள வச்சுப் போட்டான். சலவைக்கு வந்த பொண்ணை உள்ள வச்சுப் போட்டான். இவ கையில கத்தி இருந்துச்சு, மத்தவங்க கையில இல்ல. அவ்வளவுதான் வித்தியாசம். இவன் பொண்டாட்டிக்காகப் போய்ப் பலாவன்ல கல் உடைச்சான். நீ அவனைப் போய் வெட்டுறே."

சிலுவைக் குறி போட்டுக்கொள்ளப் போன பெண்கள் பாதியில் கையை நிறுத்தினார்கள். எந்தப் பக்கத்துக்காகப் போடுவது என்று தெரியாத குழப்பம்.

விதால் மல்லாந்தபடியே ஹசிந்தாவிடம் கேட்டான்:

"அப்பா கத்துனாரா?"

"இல்ல. 'தப்பான வீட்டுக்கு வந்துட்டேன்'னு சொன்னான். அதுக்கு முன்னாடியும் ரெண்டு தடவை அதே தப்பான வீட்டுக்கு வந்திருந்தான்."

கத்தி கழுத்தைவிட்டு விலகியது. பசிலியா விரல்களைப் பிரித்தாள். எல்லாம் இருந்தன. ஒன்று மட்டும் இனி மடங்காது. தன் பாவாடையின் ஓரத்தைக் கிழித்து மகனின் மணிக்கட்டைக் கட்டினாள். மிச்சத்தைப் பந்தலியோனின் முன்கைக்கு எறிந்தாள். "அழாத. பன்னி இதைவிடக் கம்மியா கத்தும்."

அதற்குள் சேவல் வேலியோரம் சாய்ந்து கிடந்தது. இன்னும் சாகவில்லை. பசிலியா அதைத் தூக்கிவந்து கட்டைமேல் போட்டுவிட்டு ஹசிந்தாவைப் பார்த்தாள்.

"நீயே வெட்டு. எனக்கு இந்தக் கத்தியோட பழக்கமில்ல."

தலை ஒரே வெட்டில் கூரைக்கீற்றுவரை பறந்து விழுந்தது.

வாழைத்தண்டை நறுக்க ஆளில்லை. நறுக்கத் தெரிந்த மூன்று கைகளும் வெட்டுப்பட்டிருந்தன. ஹசிந்தாதான் நறுக்கினாள். பசிலியா அடுப்பை ஊதினாள். கலைந்து போயிருக்க வேண்டிய கூட்டம் ஒரு அடிகூட நகரவில்லை. விதால் சாப்பிடுவானா, மாட்டானா? சாப்பிடாவிட்டால் பந்தலியோனின் தம்பிகள் இன்றே கத்தி தீட்டுவார்கள். அவர்கள் வேலிக்கு அப்பால் நின்றபடி சட்டியைப் பார்த்தார்கள்.

சட்டி நடுவில் வந்தது. பந்தலியோன் ஒரு வாய் எடுத்தான். ஹசிந்தா ஒரு வாய் எடுத்தாள். விதாலின் வலக்கை கட்டுக்குள் மரத்துக் கிடந்தது. பசிலியா ஒரு கவளத்தைப் பிசைந்து அவன் வாய்க்கு நீட்டினாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவளும் கையை இறக்கவில்லை. குழம்பு அவள் முழங்கைவரை வழிந்தது.

"கை வலிக்குதுடா" என்றாள் கடைசியில், மெதுவாக, அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

அவன் வாயைத் திறந்தான். மென்றான். எல்லாரும் அவன் தொண்டையைப் பார்த்தார்கள். அது ஏறி இறங்கியது.

"உப்பு பத்தல" என்றான் விதால்.

வேலிக்கு அப்பால் நின்ற தம்பிகளில் ஒருவன் தன் கத்தியின் பிடியிலிருந்து கையை எடுத்துவிட்டு, உப்பு வாங்கி வரக் கடைக்கு ஓடினான்.